அலுமாரிக் கதவில் ஒட்டிய பட்டியல்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, புரதச் சத்தைக் குறைக்கும்படி டாக்டர் சொன்னார். முட்டை, மீன், பருப்பு எதையும் கூட்டக் கூடாது என்று நானே பட்டியல் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினேன்.

மறு வருடம் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். வாரம் இருமுறை கண்டிக்குப் போய் வந்தோம். பட்டியல் மட்டும் மாறவில்லை. சாப்பாட்டைப் பற்றி மறுபடி கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று கூச்சம்.

"ஒரு முட்டை அவிச்சுக் குடு புள்ள. கைகால் ஓய்ஞ்சு கெடக்கு."

"வேணாம்பா. எழுதி ஒட்டியிருக்கேன்ல?"

அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். நம்மள மாதிரி கைநாட்டா அது?"

அவர் மெலிந்துகொண்டே போனார். நோயின் வேலை என்றிருந்தேன். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் தாதி ஒருவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். பெருமையாக ஒப்பித்தேன்.

"ஐயோ தங்கச்சி, அது முந்தி. சுத்திகரிக்கிறப்ப புரதமும் கொஞ்சம் போயிரும். இப்ப கூட்டிக் குடுக்கணும்."

அன்றே முட்டை அவித்தேன். அப்பாவால் பாதிதான் சாப்பிட முடிந்தது. அடுத்து வந்த காய்ச்சலைத் தாங்க உடம்பில் தெம்பில்லை. போய்விட்டார்.

இப்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் கிளினிக் போனாலும் கூடப் போகிறேன். முன்பு சொன்ன சாப்பாடு இப்போதும் சரிதானா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.

பட்டியல் இன்னும் கதவில் இருக்கிறது. மகள் எழுதியது என்று அம்மா கிழிக்க விடுவதில்லை.