என் நேர்த்திக்கடனும் என் மனைவியின் இரத்தமும்

ஜார்ஜ் மன்னரின் படம் தொங்கிய காரியாலயத்தில் நான் சுகாதாரக் குமாஸ்தா. கால்வாயில் கொசு, கடையில் ஈ என்று மலாக்கா முழுவதற்கும் நோட்டீஸ் எழுதிய கை இது. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதையே உத்தியோகமாகப் பார்த்தவன்.

எங்கள் முதல் பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றிலேயே இறந்துவிட்டது. என் மனைவி மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் கோயிலுக்கு ஓடினேன். பிள்ளை பிறக்கும்வரை எங்கள் வீட்டுக்குள் மீன், முட்டை, கறி நுழையாது. செவ்வாயும் வெள்ளியும் ஒரே வேளைச் சாப்பாடு. இப்படி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்தேன். மனைவியைக் கேட்டேனா? எதற்குக் கேட்பது! வேண்டிக்கொள்வது ஆண்பிள்ளை வேலை, பட்டினி கிடப்பது பெண்பிள்ளை வேலை.

'வீட்டுக்குள்' என்று சொன்னேன் பாருங்கள், அங்கேதான் என் சாமர்த்தியம். வெளியே என்று அம்மனிடம் நான் வாயே திறக்கவில்லை. அதனால் வேலை விட்டதும் ஆற்றோரத்தில் சாத்தே என்று குச்சியில் கறி குத்திச் சுடுகிறவன் எதிரில் குந்தி, பத்துக் குச்சியை முடித்து, வாய் கொப்பளித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு காஜா பெராங்கில் இருந்த வீட்டுக்குச் சைக்கிள் மிதிப்பேன். வீட்டில் அவள் வெறும் ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள். எப்போதாவது கீரை வாங்கினால் குழையக் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீர் பித்தம் என்று கொட்டவைத்ததும் இந்த அதிகப்பிரசங்கிதான்.

ஆறாம் மாதம் அவள் முகம் எலுமிச்சைத் தோல் மாதிரி ஆனது. பக்கத்து வீட்டு அம்மாள் மலாக்கா செட்டிக்காரி, பேச்செல்லாம் மலாய். வேலியோரம் என்னை நிறுத்தி, "பீனி லு பூச்சாட்" என்றாள். உன் பெண்டாட்டி வெளிறிக் கிடக்கிறாள் என்று அர்த்தம். அது விரதத்தின் களை என்று அவளுக்கு விளக்கம் சொன்னேன். அட மடையா!

பிறகு என் மனைவியின் நாக்கு சிவந்து வழவழப்பாகி, ரசம் பட்டாலே எரிந்தது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. சுகாதாரக் குமாஸ்தாவுக்குத் தெரியாத வைத்தியமா? இரத்தம் குறைந்தால் இரும்பு என்று டானிக்கைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றினேன். பல்தான் கறுத்தது. ஒருநாள் காலை குழாயடியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். ரிக்ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் தமிழர். அவள் விரலில் குத்தி, கண்ணாடிச் சில்லில் இரத்தத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இரும்பு கெடக்கட்டும்யா. சிவப்பணு பழுக்கறதுக்கு வேண்டிய சத்து ஒடம்புல இல்ல. பழுக்காம ஊதிப் பெருத்து நிக்குது, எண்ணிக்கையும் பாதிக்கு மேல போச்சு. குடிகாரனுக்கு வரும், சாப்பிட்டது ஒடம்புல ஒட்டாதவனுக்கு வரும். இந்தம்மா என்ன சாப்பிடறாங்க?"

விரதத்தைப் பெருமையாகவே சொன்னேன். அவர் என் கொழுத்த கன்னத்தைப் பார்த்தார்.

"நீரும் விரதமா?"

நான் கன்னத்தைத் தடவிக்கொண்டேன்.

"தெனம் ஈரல் குடும். இல்லன்னா ரெண்டு உசிரும் நிக்காது."

"பூசாரிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"கேளும். வரும்போது பாடைக்கும் சொல்லிட்டு வாரும்."

நான் கோயில் பக்கம் போகவில்லை. பாசாருக்கு ஓடி ஆட்டு ஈரல் வாங்கி, நானே மிளகு போட்டு வேகவைத்தேன். பாதி கருகல், உப்போ இரண்டு பங்கு. தூக்குச்சட்டியில் அவளைச் சேர்த்திருந்த வார்டுக்குக் கொண்டுபோய் ஊட்டப் போனால், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மன் கோவிச்சா என் தலையோட போகட்டும், சாப்பிடு" என்றேன்.

"அம்மனுக்குப் பயந்தா நான் சாப்பிடாம இருந்தேன்? நீங்க சாத்தே தின்னுட்டு வர்றது எனக்குத் தெரியாதா? சட்டையெல்லாம் பொக மணக்குது."

"அப்பறம் ஏன்டி?"

"மொதப் புள்ள போனப்ப, அத்தன பேரு நடுவுல, இவ நண்டு தின்னுதான் போச்சுன்னு சொன்னீங்க. இதுவும் போனா எதச் சொல்வீங்க? அதான், எதயும் தின்னாம இருந்துட்டேன்."

சொன்னேன். சொன்னதையே மறந்தும் போயிருந்தேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன் என்று முணுமுணுத்தேன்.

"எங்கிட்ட வேணாம். இங்க எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லுங்க."

பிள்ளைத்தாய்ச்சிகள் நிறைந்த வார்டு அது. தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"ஈரல் குடுக்கறது நான். பட்டினி போட்டதும் நான். நண்டு ஒண்ணும் பண்ணல. என்ன ஆனாலும் இவ மேல குத்தமில்ல."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஈரலுக்கு வாயைத் திறந்தாள்.