பெங்களூர் சுற்றி வந்த தண்ணீர்

மலை மேல் மேகம், குழாயில் காற்று. மலையேறும் படிகள் தொடங்கும் அலிபிரிக்குக் கீழே எங்கள் பக்கம் அப்படித்தான். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். காலையா மதியமா என்பது அதன் மனசு. தண்ணீருக்காகக் காத்திருந்தே பெண்கள் வேலையை இழந்தார்கள்.

நான் ஒரு சந்து முனையில் ஜெராக்ஸ், இண்டர்நெட் கடை வைத்திருந்தேன். சந்தில் இருந்தவர்கள் சித்தூர்ப் பக்கத்து எல்லைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஆண்கள் எல்லாரும் ஒரே மேஸ்திரியோடு பெங்களூரில் கட்டட வேலை. பெண்கள் லாட்ஜ்களில் அறை கூட்டும் வேலை.

அப்போதுதான் அந்த ஏற்பாடு வந்தது. வால்வு திறப்பவர் வால்வைத் திருகியதும் தன் போனில் ஒரு பொத்தானை அழுத்துவார். குழாய் வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் மெசேஜ் போகும். வால்வு திறந்த நேரத்தை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம். ஆனால் தண்ணீர் ஆபீசில் நம்பர் கேட்டபோது சந்து முழுக்க வீட்டு ஆம்பளையின் நம்பரைத்தான் கொடுத்திருந்தது. ஆபீஸ் என்றால் ஆம்பளை நம்பர்; வேறு மாதிரி யாருக்கும் தோன்றவேயில்லை.

எனவே எங்கள் தண்ணீர் முதலில் பெங்களூரில் மணியடித்தது. பூச்சுச் சுவருக்கு ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும் சந்தின் கடைசி வீட்டுக்காரன், சட்டைப்பையில் போன் சிணுங்க, இங்கே மனைவியை அழைப்பான். "ஏய், தண்ணி வுட்டுட்டாங்களாம், ஓடு!" அவள் லாட்ஜிலிருந்து ஓடி வருவாள். என் கடையைத் தாண்டும்போது சிரிப்பாள்: "எங்க ஊட்டுத் தண்ணி பெங்களூர் சுத்திக்கினு வருதுக்கா!"

ஒருநாள் சந்தில் யாருக்கும் அழைப்பே வரவில்லை. மாலையில் டிரம்களெல்லாம் காலி. மறுநாள் டேங்கர் லாரிக்காக அவள் லீவு போட்டாள். அதற்கடுத்த நாள் லாட்ஜ் மேனேஜர் நிதானமாகவே சொன்னாராம்: "இன்னொரு தடவ தண்ணிக்குன்னு நின்னா, அப்படியே நின்னுக்கோம்மா."

சந்தே வால்வுக்காரரைச் சூழ்ந்துகொண்டது. "இன்னா சார், குந்திக்கினே தூங்கிட்டியா?" "பக்கத்துத் தெருவுக்கு மட்டும் வுட்டுட்டு பூட்டியா?" அந்த மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் கடைக்குள் வந்தார். "நீயே பாத்துச் சொல்லும்மா." கம்ப்யூட்டரில் பார்த்தேன். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு வால்வு திறந்திருந்தது, மெசேஜும் போயிருந்தது. தண்ணீர் வந்து, யாருமில்லாத சந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

பெங்களூரில் வேலை விடும் நேரம்; அவள் அங்கேயே கணவனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல்: "மேல் மாடில வேலைடி. போனெல்லாம் கீழ ஷெட்ல வெச்சிட்டு வான்ட்டான் மேஸ்திரி. இனிமே இப்பிடித்தான்."

வால்வுக்காரர் என் கடை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். யாரோ அவருக்கு டீ வாங்கி வந்தார்கள்.

மறுநாள் அவளோடு தண்ணீர் ஆபீசுக்குப் போனேன். ரெண்டு நம்பரும் இருக்கட்டும் என்று கேட்டாள். "லேதம்மா, இல்ல," என்றார் கவுண்டரில் இருந்தவர், "ஒரு குழாய்க்கு ஒரே நம்பர்தான்."

அவள் கவுண்டர் எதிரே இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வேலை போகிற நிலையில் இதற்கென்ன யோசனை என்று நான் அவள் முழங்கையைத் தொட்டேன். மெல்லச் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரு ராத்திரில பேசறப்ப அசந்து கெடக்கும்க்கா. ம், ம்னு மட்டும் சொல்லும். தண்ணி வந்தா மட்டுந்தான் பகல்ல தெளிவாக் கூப்புடும். 'ஓடு'ன்னு ஒரு சொல்லு. அதுவும் இனி இல்ல."

கவுண்டரில் இருந்தவர் கீபோர்டு மேல் விரலை வைத்தபடி காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. இத்தனை தூரத்திலிருக்கும் ஒருவனின் குரலை எந்த நகரமும் எந்தக் குழாயிலும் கொண்டுவந்துவிட முடியாது. அது எனக்கு அந்த மர பெஞ்சில்தான் உறைத்தது.

அவள் தன் நம்பரைச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாக, சத்தமாக.

அடுத்த தண்ணீர் நாளில் லாட்ஜ் பக்கமிருந்து புடவையைச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு கையில் போன். குழாயைத் திறந்து குடத்தை வைத்துவிட்டு, அவன் நம்பரை அழுத்தி, மணி போனதும் கட் செய்தாள்.

"எடுக்க மாட்டானே, ஷெட்லதானே கெடக்கும்?" என்றேன்.

"மத்தியானம் துன்றதுக்கு எறங்குமில்ல? பாக்கும். ஊட்ல தண்ணி ரொம்பிச்சின்னு தெரிஞ்சிக்கும்."

குடம் நிரம்பி வழிந்தது. குனிந்து அடுத்த குடத்தைத் தள்ளினாள்.