அத்தா அசையாமல் உட்கார்ந்த ஞாயிறு

நான் குடியிருக்கும் ஜெர்மன் நகரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை பழைய காகிதம் எடுக்க லாரி வரும். புதன் மாலையே அட்டைப்பெட்டிகளை மடித்து, கயிறு கட்டி, தெருவோரம் அடுக்கிவிடுவார்கள். குப்பையை இவ்வளவு மரியாதையாக வழியனுப்பும் ஊரை நான் பார்த்ததில்லை. அதிலிருந்து நல்ல அட்டைகளை உருவிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுப் பெண்மணி "உம்ட்ஸுக்?" என்றார். புரியாமல் "யா, யா" என்றேன். வீடு மாறுகிறாயா என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து பெட்டிகளை என் வாசலிலேயே வைத்துவிட்டு, எப்போது கிளம்புகிறாய் என்று விசாரிக்கிறார். படம் வரையத்தான் என்று விளக்க, கிடங்கில் எட்டு மணி நேரம் நின்று திரும்பியவனுக்குத் தெம்பு இருப்பதில்லை.

அந்த அட்டைகளில் பென்சிலால் முகங்களை வரைகிறேன். மருவோ சுருக்கமோ விடாமல், உள்ளது உள்ளபடி. இந்தப் பழக்கம் ஸ்ரீரங்கத்தில் தொடங்கியது. அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு அங்கே தையல் கடை. வீடு இருந்த தென்னூரிலிருந்து அவரோடு பஸ்ஸில் போய், பழைய சட்டைப்பெட்டிகளைக் கிழித்து, வாடிக்கையாளர்களை வரைவேன். "தம்பி, மூக்கக் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க, எனக்குப் பொண்ணு பாக்குறாங்க" என்பார் ஒருவர். அவர்களையாவது பிடித்துவிட்டேன். மெஷினை மிதித்தபடியே தலையாட்டிப் பேசும் அத்தாவை ஒருமுறைகூட முடிக்க முடியவில்லை.

இரண்டு மாதம் முன்பு அவர் கடையில் மயங்கி விழுந்தார். விழுந்தது செவ்வாய்க்கிழமை, தங்கச்சி எனக்குச் சொன்னது வெள்ளிக்கிழமை. கோடைவரை எனக்கு லீவு கிடையாது. அதற்குள் ஏதும் ஆகிவிட்டால் என்ற பயத்தில், ஞாயிறுதோறும் வீடியோ காலில் அவரை வரைகிறேன். நெட் நிற்கும்போதுதான் அத்தாவும் நிற்பார். அதனால் தேதியிட்டு வைத்திருக்கும் ஆறு படங்களிலும் அவருக்குக் கண் பாதி மூடியிருக்கிறது.

சென்ற ஞாயிறும் படம் அப்படியே நின்றது. சற்றுப் பொறுத்து, துண்டித்து, மறுபடி அழைத்தேன்.

"ஏம்ப்பா கட் பண்ணுன? நீ வரையட்டும்னு மூச்சப் புடிச்சு உக்காந்திருந்தேன்!"

தங்கச்சி சிரித்தாள். "நெட்டு நல்லாத்தான் இருக்குண்ணே. அத்தாதான் ஹேங் ஆயிட்டாங்க."

இந்த ஞாயிறும் அப்படியே உட்கார்ந்தார். கண் முழுதாகத் திறந்திருந்தது. நெற்றியையும் புருவத்தையும் முடித்தேன். மூக்குக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் கொடியில் கைலி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நெட் இருக்கிறது. அவர் மட்டும் அசையவில்லை.

"அத்தா, கொஞ்சம் அசைங்க."

உதடு மட்டும் பிரிந்தது. "படம் கெட்டுரும்ப்பா."

"கெடட்டும். பேசுங்க அத்தா."

பக்கத்திலிருந்த தங்கச்சியிடமும் என்னிடமும் மாறி மாறித் தலையாட்டிப் பேசத் தொடங்கினார். நான் பென்சிலைத் தூக்காமல் வரைந்துகொண்டே இருந்தேன். அட்டையில் அவருக்கு இரண்டு முகங்கள் விழுந்தன: தங்கச்சி பக்கம் திரும்பி ஒன்று, என் பக்கம் திரும்பி ஒன்று.