கரண்டு அண்ணனின் தாடை

கம்பியின் நுனியை முன்பற்களுக்கு நடுவே கொடுத்து, தலையை இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டுவார். மேலுறை கழன்று வாயோடு போய்விடும். செம்பு மட்டும் வெளியே பளபளக்கும். உறையை ‘த்தூ’ என்று துப்புவார். ஏணியடியில் சிவப்பும் பச்சையுமாகச் சிதறிய அந்தத் துணுக்குகளைப் பொறுக்கி மாலை கோத்த வயது எனக்கு. உரிப்பதற்கென்றே செய்த இடுக்கி ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். கேட்டால், “அது பாட்டுக்கு இருக்கட்டும். பை தொங்கினாத்தான் எலக்ட்ரீஷியன்னு நம்புவாங்க” என்பார்.

தெருவில் அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் கரண்டு அண்ணன்தான். மெயினை அணைப்பார், அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பார், டெஸ்டரை வைத்துச் சோதிப்பார், அதன் பிறகும் செருப்பைக் கழற்றாமல்தான் கம்பியைத் தொடுவார். இவ்வளவு பயபக்தியோடு தொட்ட கம்பியை நேராக வாய்க்குள் வைப்பார்.

அவர் வந்தால் வீடு அரை நாள் ஓய்வெடுக்கும். மின்விசிறியின் இறக்கைகள் ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்து நிற்கும். கறுப்பு டேப்பின் வாசம் கூடத்தில் சுற்றும். ரேடியோ ஊமையாகிவிடுவதால் அப்பா வேறு வழியில்லாமல் எங்களோடு பேசுவார். அதற்காகவே ஃபியூஸ் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கும் கூப்பிட்டால் வருகிறார். ஆனால் துணுக்குகள் இப்போது இடுக்கியிலிருந்து உதிர்கின்றன. அவற்றில் பழைய சுவாரசியம் இல்லை.

மாற்றத்துக்குக் காரணம் ஓர் எக்ஸ்ரே. முன்பல் ஆடுகிறதென்று பல் டாக்டரம்மாவிடம் போனவருக்குக் கீழ்த்தாடையின் நடுவில், பல் வேர்களுக்கு அடியில், ஒரு நீர்க்கட்டி இருப்பது தெரிந்தது. வலி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வருஷக்கணக்காக எலும்பைக் கரைத்துக் குடியிருந்திருக்கிறது. டாக்டரம்மா விரலால் அழுத்தினார். எலும்பு முட்டை ஓடு போல உள்ளே போய் வந்தது. ஈறைத் திறந்து கட்டியை உறையோடு எடுத்துத் தைத்துவிடலாம் என்றார்.

“குழியில என்ன வெச்சு அடைப்பீங்க?”

“ஒண்ணும் இல்ல. ரத்தம் நிறைஞ்சு உறையும். ஓரத்துலேருந்து எலும்பு தானா வளர்ந்து மூடிக்கும்.”

“சுவத்தைக் கொத்தினா நாங்க பூசாம கெளம்ப மாட்டோம், டாக்டர்.”

“உங்க சுவரு தானா வளராதே!”

வாய்ச் சண்டையில் தோற்றதை மனுஷன் பெருமையாக வீடு வீடாகச் சொன்னார். டாக்டரம்மா சொன்ன மிச்சத்தைச் சொன்னது அண்ணனின் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா: குழி மூடும்வரை கடினமாக எதையும் கடிக்கக் கூடாது, தாடையே உடைந்து போகலாம். எலும்பு வளராவிட்டால் இடுப்பிலிருந்து வெட்டி எடுத்து வைக்க வேண்டும். அக்கா சட்டத்தை எளிதாக்கினார்: “கம்பிய வாய்கிட்ட கொண்டு போனீங்க, தாடை உடையறதுக்கு முன்னாடி கை உடையும்.” வேலை முடிந்து வீடு திரும்பியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். காட்டினார். ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் குழைய வேகவைத்ததையே தின்றார்.

பிறகு ஒருநாள் எங்கள் சமையலறையில் ஏணிமேல் நின்றார். ஒரு கையில் ஹோல்டர், மறு கையில் கம்பி. பழக்கம் முந்திக்கொண்டது. ‘மட்’டென்று ஒரு சத்தம். வெட்டப்போன தலை பாதியில் நின்றது. மெல்ல இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து, தளும்பும் பாத்திரத்தைப் பிடிப்பது போலத் தாடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார்.

“தம்பி, அந்தச் சத்தம் கம்பியோடதா, என்னோடதா?”

“வலிக்குதாண்ணே?”

“வலிக்கல. அதான் பயமா இருக்கு. கட்டி வந்தப்பவும் வலிக்கலையே!” சற்றுப் பொறுத்து, “அக்காகிட்ட மூச்சு விட்டுடாத” என்றார்.

அடுத்த எக்ஸ்ரேவுக்கு என்னையும் இழுத்துப் போனார். “இவன் எதுக்கு?” என்றார் அக்கா. “படம் பாக்கத்தான்” என்றார் அண்ணன். சிரிப்பு வரவில்லை, அவருக்கே.

டாக்டரம்மா பழைய படத்தையும் புதியதையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். உள்ளேயிருந்த டியூப் லைட் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கணம் தாடை தெரிந்தது, மறு கணம் இருட்டு. “கொஞ்சம் இருங்க. ரொம்ப நாளாவே இது இப்படித்தான்” என்று பெட்டியைத் தட்டினார்.

அண்ணன் எழுந்து பக்க மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு டியூபை மெதுவாகத் திருப்பினார். வெளிச்சம் துடிக்காமல் நிலைத்தது. டியூபைப் பிடித்தபடியே அவர் கண்களை மூடிக்கொண்டார்.

பழைய படத்தில் கறுப்பாக ஒரு முட்டை. புதியதில் நாலா ஓரத்திலிருந்தும் சாம்பல் நிறத்தில் வலை பின்னிக்கொண்டு வந்திருந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் இருட்டு. டாக்டரம்மா விளிம்பு நெடுக விரலால் தடவிக்கொண்டே போனார்.

“நல்லா வளர்ந்திருக்கு. விரிசல் கிரிசல் ஒண்ணுமில்ல.”

“கேட்டுச்சாங்க?” என்றார் அக்கா. அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. அக்கா கிட்டே போய்த் தணிந்த குரலில், “கைய எடுங்க. அது நல்லாத்தான் எரியுது” என்றார்.

அண்ணன் டியூபை விடவில்லை.