ஆரோன்புரத்துக்கு வந்த பெண் ஐயர்

தங்கள் சபைக்கு ஒரு பெண் ஐயராக, அதாவது போதகராக, வருகிறார் என்று கேள்விப்பட்ட அன்று பாக்கியசீலனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆரோன்புரத்தில் வாழை போட்டிருந்த அவர் இருபது வருடமாகச் சபைச் செயலாளர். பெண்கள் போதிக்கக் கூடாது என்று வேதத்தில் பவுல் எழுதியிருக்கிறார். அதை மாற்ற எவருக்கும் உரிமை கிடையாது என்பது அவர் கட்சி. எழுதிய காலத்தையும் பார்த்துத்தான் வேதத்தை வாசிக்க வேண்டும் என்பது புதிதாக வந்த ஜெமிமாவின் கட்சி.

பதினோரு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு பக்கத்து ஊர் ஆலயத்துக்குப் போய்விட்டன. பாக்கியசீலனுக்குப் போக மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் அறிவிப்பு வாசித்தார், காணிக்கைப் பை எடுத்தார். ஜெமிமா கையால் அப்பமும் ரசமும் வாங்க வேண்டிய திருவிருந்து நேரத்தில் மட்டும் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

ஆராதனை ஒழுங்கு பேச, சனிக்கிழமை தோறும் ஜெமிமாவைப் பார்த்தாக வேண்டும். பேச்சு வாக்குவாதத்தில்தான் முடியும்.

"பவுல் சொன்னது உங்க கண்ணுக்குத் தெரியலியாம்மா?"

"தெரியுது அண்ணாச்சி. அதே பவுல் பெபேயாள்ங்கிற பெண்ணைச் சபைக்கு ஊழியக்காரின்னு எழுதியிருக்காரே, அது உங்க கண்ணுக்குத் தெரியலியா?"

வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதெல்லாம் அதற்குப் பதில் தேடுவார். "சனிக்கிழமை எப்ப வரும்னுல்லா கெடக்கீங்க," என்று மனைவி ஜெபகனி சிரிப்பாள்.

அடுத்த வருடம் வரப்பில் வழுக்கி விழுந்து ஜெபகனிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று மாதம் படுக்கை. ஜெமிமா வாரம் தவறாமல் வந்தார்; ஜெபித்தார், தலை வாரிவிட்டார். ஒருநாள் திருவிருந்தும் கொண்டுவந்தார். ஜெபகனிக்குக் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தை மூடப் போனவர், "கொஞ்சம் பொறுங்கம்மா" என்ற குரல் கேட்டுத் திரும்பினார். பாக்கியசீலன் கட்டிலருகே முழங்கால் போட்டிருந்தார்.

"சீக்கிரம் குடுங்கம்மா, அவுகளுக்கு முட்டு வலிக்கும்," என்றாள் ஜெபகனி.

மூன்றாம் வருடம் ஜெமிமாவுக்கு மாற்றல் என்று பேச்சு வந்தது. சபையின் கருத்தைக் கேட்க மேலிடத்திலிருந்து இருவர் வந்தார்கள். பாக்கியசீலன் எழுந்தார்.

"பொம்பளை போதிக்கக் கூடாதுன்னுதான் இப்பவும் சொல்லுதேன்."

ஜெமிமா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா எங்க ஐயரை இங்கன இருந்து மாத்தப்படாது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜெமிமாதான் முதலில் சிரித்தவர். மாற்றல் இரண்டு வருடம் தள்ளிப்போனது.

போன குடும்பங்களில் எட்டு திரும்பிவிட்டன. மற்ற மூன்று வீட்டாரும் வழியில் கண்டால் பாக்கியசீலனிடம் வாழைத்தார் விலை கேட்பார்கள். அவரும் நின்று, பைய, நிதானமாக விவரம் சொல்லிவிட்டுத்தான் நடப்பார்.