சொல்லிக்கொண்டு கிளம்பிய வீடு

துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், கிளம்பும்போது கைகூப்பி, "போயிட்டு வரேன் மாமி" என்று கணீரென்று சொன்ன ஆள் நான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போகவேண்டும் என்பது மயிலாப்பூரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் அம்மா தலையில் குட்டிக் குட்டிக் கற்றுக்கொடுத்ததில் என்னிடம் தங்கிய ஒரே மரியாதை அது. அன்று பார்த்து வேலை செய்துவிட்டது. கூடத்தில் விசிறிகள் நின்றன. கூட வந்த டைப்பிஸ்ட் என் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். எங்கள் ஹெட் கிளார்க்கின் ஒரே பெண், ஏழு வயசு, விஷ ஜுரத்தில் போய்விட்டாள். மனிதர் சீக்கிரமே ஆபீஸுக்குத் திரும்பிவிட்டார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டிலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கடற்கரைக்குப் போயிருந்தார்; ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தங்கமாட்டாராம். மாமிதான் கதவைத் திறந்தாள். நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொல்லவே விடவில்லை.

"வரேன்னு சொல்லிட்டுப் போனவன் நீ ஒருத்தன்தான். மத்தவா யாரும் சொல்லலே. வரவும் இல்லே. உள்ளே வா."

காபி வந்தது. ரேஷன் காலத்துக் காபி. அதில் காபியைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. அதைக் குடித்துக்கொண்டே, ஆயுத பூஜையன்று அந்தப் பெண் ஆபீஸுக்கு வந்ததைச் சொன்னேன். என் நீளக் கழுத்தை அண்ணாந்து பார்த்து, "அப்பா, இந்த மாமா கழுத்தை யாராவது பிடிச்சு இழுத்துட்டாளா?" என்று கேட்டாள், ஆபீஸே சிரித்தது.

மாமி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இதை அவர் எனக்குச் சொல்லவே இல்லையே! அப்பறம்? அப்பறம் என்ன சொன்னா?"

அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. என் கைவசம் இருந்தது அந்த ஒரு கதைதான். ஆனால் அந்த "அப்பறம்?" வாரம் முழுக்க என்னை விடவில்லை. மறு ஞாயிறு ஒன்றை இட்டுக்கட்டிக்கொண்டு போனேன்: பூஜைப் பொரியில் பாதியைத் தானே தின்றுவிட்டு, மீதி எங்கே என்று மானேஜரையே கேட்டாள் என்று. மாமி பொறுமையாகக் கேட்டாள். "அவ பொரியைத் தொடவே மாட்டாளேடா, பல்லுல ஒட்டிக்கும்னு." பிற்காலத்தில் எத்தனையோ பத்திரிகை ஆசிரியர்கள் என் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவு நயமாக ஒருவரும் இல்லை. "பொய்யெல்லாம் வேண்டாம். நான் சொல்றேன், நீ சிரி. அது போறும்."

ஞாயிறுதோறும் போய்ச் சிரித்தேன். சம்பளமில்லாத உத்தியோகம் என்றாலும் மனசுக்குப் பிடித்த உத்தியோகம்.

ஒரு ஞாயிறு நல்ல மழை. மாமி பால்காரர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்று செத்துப்போன மாட்டை வாசலில் கறக்கும்போது, வைக்கோல் அடைத்த கன்று ஒன்றை அதன் முன்னால் நிறுத்துவாராம். அதற்கு ஜுரம் என்று குழந்தை அதன் நெற்றியில் சுக்குப் பத்துப் போட்டிருக்கிறாள்.

"இன்னா பாப்பா, உசுரே இல்லாத கன்னுக்கு இன்னா ஜொரம்?"

"அப்போ அதை மாட்டுகிட்ட சொல்லு!"

சிரிக்க ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது. "சிரிடா" என்றாள் மாமி.

"பத்தெல்லாம் போடலே. என் மப்ளரைத்தான் சுத்தி விட்டா."

ரேழியில் ஹெட் கிளார்க், குடை சொட்டச் சொட்ட நின்றிருந்தார். மழை அவரைக் கடற்கரையிலிருந்து துரத்தியிருந்தது. "அன்னிக்குப் பூரா ஆபீஸ்ல கழுத்துல வைக்கோல் குத்தித்து."

மாமி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, மப்ளர் மறுநாளாக்கும்!" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? நீ சமையலுள்ளே இருந்தே."

"இருந்தா? காது இல்லையா எனக்கு?"

அவர் செருப்போடு கூடத்தின் நடுவுக்கு வந்து வாதாடினார். மாமி அந்தச் செருப்பைக் கவனிக்கவே இல்லை. என்னையும்தான்.

எனக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. குழந்தையைப் பறிகொடுத்த வீடுகளில், "குழந்தை என்ன விஷமமெல்லாம் பண்ணும்?" என்று கேட்டுவிடுகிறேன். என் மனைவி விலாவில் இடிப்பாள். சிலர் முறைப்பார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் மெதுவாக ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் இன்னொருவர், "அப்படி இல்லே" என்பார்.