நான் பிடித்த பந்தல் கால்

சுதந்திரம் கிடைத்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். கொழும்பு ரயில் வரும் மலைநாட்டில், வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் ஆயா வேலை பார்த்தேன். மண்சரிவில் புருஷனைப் பறிகொடுத்தபோது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தால் அதிகம். அதோடு நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எந்த நல்லது நடந்தாலும் எனக்குக் கொல்லைப்புறம்தான். பாத்திரம் கழுவ நான் வேண்டும், பந்தலுக்குள் மட்டும் நான் ஆகாது. அந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை, என்ன செய்ய!

எங்கள் டாக்டர் ஐயா யூதர். ஐரோப்பாவில் சண்டை மூளும் சமயத்தில் தப்பி வந்தவர். பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் அங்கே கொன்று போட்டார்கள். தமிழை எங்களிடமே கற்றுக்கொண்டதால் லயத்துப் பேச்சு அவர் வாயில் அப்படியே வரும். அவரைக் கட்டிக்கொள்ள ஒரு பெண் கப்பலேறி வந்தபோது தோட்டமே வாய் பிளந்து பார்த்தது. அவளும் யூதப் பெண்தான். அவளுக்கும் சொந்தமென்று யாரும் மிஞ்சவில்லை.

ஹட்டனில் பதிவு எழுதியாகிவிட்டது. ஆனாலும் தங்கள் முறைப்படி பந்தலுக்குக் கீழே நிற்காமல் கல்யாணம் ஆனதாகவே தோன்றாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம். கொழும்பிலிருந்து அவர்கள் ஆட்கள் மூன்று பேர் ரயிலில் வருவதாக ஏற்பாடு. ஒருவர் மந்திரம் சொல்ல, மற்ற இருவர் சாட்சிக்கு. பந்தல் என்றால் நம் பந்தல் இல்லை. நாலு கழி, மேலே ஒரு துணி, அவ்வளவுதான். கழியை நாலு பேர் கையில் பிடிக்க வேண்டும். மனசுக்கு வேண்டியவர்களைத்தான் பிடிக்கச் சொல்வார்களாம்.

கம்பவுண்டர், டிரைவர், பங்களாவில் சமைக்கும் குசினிக்காரர் மூவரையும் கேட்டுவிட்டு டாக்டர் என்னிடம் வந்தார். நான் காய்ச்சல் வார்டில் தரை கழுவிக்கொண்டிருந்தேன்.

"நாலாவது கால நீங்கதான் புடிக்கணும்."

"ஐயோ, ஆள விடுங்க ஐயா! நான் தாலி அறுத்தவ. நான் வந்து நின்னா வெளங்குமா?"

அவர் போய் அந்தப் பெண்ணையே கூட்டி வந்தார். அவள் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். அவர் தமிழில் எடுத்துச் சொன்னார்: "சாவு கண்டவங்க வரக்கூடாதுன்னா, மொதல்ல பொண்ணு நானே வரக்கூடாதேன்னு கேக்குறா."

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டிவைத்தேன்.

கல்யாணத்தன்று டாக்டர் பங்களா புல்வெளியில் பாதி லயம் கூடிவிட்டது. சவுக்குக் கழியில் கட்டியிருந்தது ஒரு வெள்ளைத் துணி. "நல்ல காரியத்துக்கு வெள்ளையா, கருமம்!" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அது டாக்டருடைய அப்பா சாமி கும்பிடும்போது போர்த்திக்கொண்ட துணி. டாக்டர் கையோடு கொண்டு வந்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான். பெண் மாப்பிள்ளையைச் சுற்றி வந்தபோது, "நம்ம மாதிரிதான் சுத்துறாங்க" என்று எல்லோருக்கும் சந்தோஷம். மோதிரம் போட்டார்கள். மந்திரம் முடிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழியை நெஞ்சோடு அணைத்து நின்றேன்.

படார்! மாப்பிள்ளையின் காலடியில் ஒரு கண்ணாடி கிளாஸ் நொறுங்கியது.

"அடிப்பாவி!" பெரிய கங்காணியின் சம்சாரம் கத்தினாள். "முண்டச்சி கால் புடிக்கறப்பவே நெனச்சேன். பாரு, ஒடஞ்சிருச்சு!"

அத்தனை கண்ணும் என் மேல். கழியை விட்டுவிட்டேன். கழி சரிந்து, துணி டாக்டரின் தலையில் விழுந்தது. போதும்டா சாமி என்று ஓடப் பார்த்தேன். மணப்பெண் எட்டி என் கையைப் பிடித்துவிட்டாள். கழியை நிமிர்த்தி என் விரல்களை அதன்மேல் வைத்து, தன் கையால் அழுத்திக்கொண்டாள்.

டாக்டர் துணியை விலக்கிக்கொண்டு கங்காணி சம்சாரத்தைப் பார்த்தார். "தானா ஒடையலம்மா. நான்தான் மிதிச்சு ஒடச்சேன். இது எங்க வழக்கம். எம்புட்டு சந்தோஷத்துலயும், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இடிஞ்சுபோன எங்க பெரிய கோயில மறக்கக்கூடாது, பட்ட கஷ்டத்த மறக்கக்கூடாதுன்னு ஒடைப்போம். இன்னைக்கு எங்கப்பா, எங்கம்மா, இவ வீட்டாளுங்க எல்லாரையும் நெனச்சுக்கிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் உங்க வீட்டுக்காரர நெனச்சுக்கங்க."

லயத்தில் ஒரு நல்ல நாளில் என் வீட்டுக்காரர் பேரை நான் எடுத்தால், "வாய மூடு, அபசகுனம்" என்பார்கள். பொங்கலன்றுகூட அவரை நினைத்து அழக் கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அன்றைக்கு அந்தப் புல்வெளியில், கையில் கழியோடு, அவர் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதேன். அந்தப் பெண்ணும் என்னோடு சேர்ந்து அழுதாள். கல்யாணக் கூட்டத்தில் ஒருத்தரும் என் வாயைப் பொத்தவில்லை.